பன்னிரண்டுக்குப் பதினேழு

விடியுமுன் பால்மரக் காட்டுக்குக் கிளம்பும் பெண், தலையில் கட்ட ஒரு சதுரத் துணியை எடுக்கிறாள். எதிரெதிர் மூலைகளைச் சேர்த்து ஒரே மடிப்பு. மடிப்பு விளிம்பு நெற்றியில், முடிச்சு பிடரியில். துணி ஒரு கஜ அகலம், அதாவது பக்கத்துக்கு 36 அங்குலம் என்றால், அந்த மடிப்பு விளிம்பின் நீளம் என்ன? 51 அங்குலத்துக்கு ஓர் இழை குறைவு. மடிக்காத 36 அங்குலத்தில் தலையைச் சுற்றிய பிறகு முடிச்சுக்குச் சொற்பமே மிஞ்சும். 51 அங்குலத்தில் தாராளமாக மிஞ்சும். அவள் கைக்கு இது தெரியும். கணக்காக யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த மடிப்பில் பிறப்பது இருசமபக்கச் செங்கோண முக்கோணம். சதுரத்தின் பாதி. இரண்டு பக்கங்கள் சமம், அவை கூடும் இடம் செங்கோணம், எதிரே நீளமான மூன்றாவது பக்கம் கர்ணம். பொதுவாக ஒரு முக்கோணத்தை முழுதாக அறிய இரண்டு மூன்று அளவுகள் வேண்டும். இதற்கு ஒரே அளவு போதும். சமபக்கம் தெரிந்தால் அதை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கர்ணம். கர்ணம் தெரிந்தால் அதே எண்ணால் வகுத்தால் சமபக்கம். அந்த எண் 1.41421 என்று தொடங்கி முடிவில்லாமல் போகிறது. பள்ளிக்கூடத்தில் இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழ்ந்த தமிழர் கைகளில் இந்த முக்கோணம் எங்கெல்லாம் இருந்தது என்று தேடிப் பார்த்தால், ஒரு வரியில் முடிக்கக்கூடிய விஷயமில்லை இது என்று தெரிகிறது.

மலாக்காவிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர், அதாவது பால்மரம், முதலில் பயிரானது இங்கேதான். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி தூண்டிவிட, மலாக்காச் சீனரான டான் சே யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்று நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் தோட்டம் எழுந்தது. மரவள்ளி விளைந்த மண்ணில் பால்மரம் ஏறியது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கல், பத்தாங் மலாக்கா என்று தோட்டங்கள் பரவ, கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் கட்டி அழைத்துவந்தார்கள். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள் அனுப்பும் முறையைத் தடுக்கும்வரை இது நடந்தது. வந்தவர்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் தங்கினார்கள், இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்றார்கள், உளியும் வாளியுமாக நிரை நிரையாகப் பால் எடுக்க மரம் வெட்டினார்கள்.

அந்த உளி மரத்தில் போடும் கோட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கட்டுரையின் பாதிக் கணக்கு அதில்தான் இருக்கிறது.

பால்மரத்தின் பட்டையை உரித்து விரித்தால் அது ஒரு நீள்சதுரம். வெட்டு அதன் குறுக்கே சாய்ந்து ஓடும்: இடப்புறம் உயரம், வலப்புறம் தாழ்வு. தாழ்ந்த முனையில் ஒரு தகரத் துண்டு, அதன் கீழே பால் பிடிக்கும் மங்கு. மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மரம் வெட்டுக்குத் தயாரானது என்பதற்கு அடையாளமாகச் சொல்லப்படும் அளவு அது. வழக்கமான வெட்டு மரத்தைப் பாதி சுற்றுகிறது. ஆக, கிடைமட்டத்தில் வெட்டு கடக்கும் அகலம் 25 சென்டிமீட்டர். வெட்டு 45 பாகை சாய்ந்தால், மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் உயர வித்தியாசமும் அதே 25 சென்டிமீட்டர். விரித்த பட்டையில் நம் இருசமபக்கச் செங்கோண முக்கோணம் அப்படியே கிடக்கிறது. வெட்டின் நீளம் அதன் கர்ணம்: 35.4 சென்டிமீட்டர்.

ஆனால் தோட்டங்களில் நிலைத்த சாய்வு 45 பாகை அல்ல. ஒட்டுக் கட்டிய மரங்களுக்கு ஏறத்தாழ 30 பாகை, விதைக் கன்றிலிருந்து வளர்ந்த மரங்களுக்கு 25 பாகை என்பதே வழக்கம். 30 பாகையில் அதே 25 சென்டிமீட்டர் அகலத்தைக் கடக்க, வெட்டு 28.9 சென்டிமீட்டர் ஓடினால் போதும். 45 பாகையில் வெட்டு ஆறரை சென்டிமீட்டர் கூடுதல் நீளம். நீளமான வெட்டு என்றால் நிறையப் பால் என்றுதானே தோன்றும்? ஏன் கைவிட்டார்கள்?

விடை பட்டைக்குள் இருக்கிறது. பால் ஓடும் நுண்குழாய்கள் மரத்தில் ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்கின்றன. மேலே போகப்போகச் சில பாகைகள் மட்டும் வலப்புறம் சாய்கின்றன. அந்தச் சாய்வுக்கு எதிராகப் போனால் கூடுதல் குழாய்கள் அறுபடும் என்பதால்தான் வெட்டு இடமிருந்து வலமாக இறங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் குழாய்களில் எத்தனை அறுபடுகின்றன என்பதைத் தீர்மானிப்பது வெட்டின் நீளம் அல்ல, வெட்டு கடக்கும் அகலம். வேலியில் நட்ட கம்புகளை எண்ணுவதுபோல்தான்: வேலிக்கு நேராக நடந்தாலும் சாய்வாக ஏறி நடந்தாலும் கடக்கும் கம்புகள் அதே எண்ணிக்கை. இருசமபக்க முக்கோணத்தில் கர்ணம் சமபக்கத்தைவிட நூற்றுக்கு 41 பங்கு நீளம். பால் வருவதோ சமபக்கத்தின் கணக்கில். வெட்டுகிறவரின் உளி மட்டும் கர்ணத்தின் கணக்கில் நடக்க வேண்டும்.

நட்டம் அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வெட்டிலும் பட்டையை மெல்லியதாகச் சீவி எடுக்கிறார்கள். சீவும் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்தால், அது வெட்டுக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்த கனம். மரத்தின் உயரத்தில் எவ்வளவு கீழிறங்குகிறது என்று கேட்டால் மீண்டும் அதே முக்கோணம், இந்த முறை மிகச் சிறியது. சமபக்கம் ஒன்றரை மில்லிமீட்டர், கர்ணம் 2.12 மில்லிமீட்டர். 45 பாகையில் நூறு முறை வெட்டினால் பட்டை 21 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 30 பாகையில் அதே நூறு வெட்டுக்கு 17 சென்டிமீட்டர் சற்றுக் கூட. பட்டை மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும். தோட்டத்துக்கு அதுதான் முதல். இன்னொன்றும் உண்டு. வெட்டு இறங்கி இறங்கித் தாழ்ந்த முனை அடிமரத்தைத் தொட்டதும், கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணப் பட்டை வெட்ட முடியாமல் மிஞ்சும். 45 பாகையில் அதன் பரப்பு 312 சதுர சென்டிமீட்டர். 30 பாகையில் 180. சாய்வை இன்னும் தட்டையாக்கினால் மிச்சப்படுத்தலாமே என்றால், பால் வெட்டுப் பள்ளத்தில் ஓடாமல் பட்டையில் வழிந்துவிடும். ஓடுவதற்குச் சரிவும் வேண்டும், பட்டையும் மிஞ்ச வேண்டும். 30 பாகை என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்ற இடம்.

சாய்வைக் குறிக்க வளையும் தகரத் தகட்டை மரத்தில் வைத்துக் கோடு கிழிப்பார்கள். அதன்பின் அந்தக் கோட்டை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற வேண்டியது வெட்டுகிறவரின் கை. சாய்வு மாறினால் திட்டு, உளி ஆழம் போய்க் காயம் பட்டால் அதற்கும் திட்டு. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில், நூற்றுக்கணக்கான உருளைகளின் மேல் ஒரே கோணத்தை விடாமல் வரைந்தவர்களுக்கு வடிவியல் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மரம் வெட்டுவதற்கு முன் மரம் நட வேண்டும். நடுவதற்கு முன் முளை அடிக்க வேண்டும். 20 அடிக்கு 20 அடி சதுரத்தில் நட்டால் ஏக்கருக்கு 108 மரம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி, ஒரு மரத்துக்கு 400 சதுர அடி. நிரைக்குள் நின்று பார்த்தால் மரங்கள் முன்னும் பின்னும் வரிசை கட்டுகின்றன. நாற்பத்தைந்து பாகை திரும்பிப் பார்த்தாலும் வரிசைதான், ஆனால் இங்கே ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடைவெளி 28 அடி மூன்றரை அங்குலம். சதுரத்தின் மூலைவிட்டம். முளை அடித்த கட்டம் சதுரமாக இருக்கிறதா, சாய்சதுரமாகக் கோணிப் போனதா என்று சோதிக்க இந்த மூலைவிட்டத்தை அளப்பதைவிட எளிய வழி கிடையாது. பக்கங்கள் நான்கும் சரியாக இருந்தும் மூலை கோணலாக இருக்கலாம். மூலைவிட்டம் பொய் சொல்லாது.

தமிழர்கள் பெருமையோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு செய்தியோடு எனக்கு இந்த இடத்தில்தான் வழக்கு. போதாயனார் என்ற பெயரில் ஒரு நாலடிப் பாட்டு தமிழுலகம் முழுக்கச் சுற்றி வருகிறது, மலேசியத் தமிழரிடையிலும்தான். நீளமான பக்கத்தை எட்டாகக் கூறுபோட்டு ஒரு கூற்றைத் தள்ளு, மிச்சத்தோடு குட்டையான பக்கத்தின் பாதியைச் சேர், வருவது கர்ணம் என்பது அதன் பொருள். நீளத்தில் முக்காலே அரைக்கால், உயரத்தில் அரை. வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். பித்தாகரசின் தேற்றத்தைவிட இதுவே மேல் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம்.

3, 4 பக்கங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து. மிகச் சரி. 5, 12-க்கு: பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. அதுவும் சரி. இந்த இரண்டையும் காட்டிவிட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள். 8, 15-க்குப் போட்டால் 17 வர வேண்டியது 17.125 வருகிறது. இயற்கணிதத்தில் கேள்வியை எழுதினால் விடை தெளிவாக விழுகிறது: குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் முக்கால் பங்காகவோ, பன்னிரண்டில் ஐந்து பங்காகவோ இருக்கும்போது மட்டும் இந்த விதி மிகச் சரி. உலகத்துச் செங்கோண முக்கோண வடிவங்களில் சரியாக இரண்டே இரண்டுக்கு. அவ்விரண்டுக்கும் இடைப்பட்டவற்றில் பிழை நூற்றில் ஒன்றைத் தாண்டாது. ஆகவே குறிப்பிட்ட சாய்வுள்ள கூரைக்குக் கைமரம் வெட்டுகிற தச்சருக்கு இது நல்ல விதி. அதை மறுக்க வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் சமமாகும்போதுதான் இது காலை வாருகிறது. முக்காலே அரைக்காலோடு அரையைக் கூட்டினால் ஒன்றே காலே அரைக்கால், அதாவது 1.375. வர வேண்டியது 1.414. தலைத்துணிக்கு 49.5 அங்குலம் என்று சொல்லும். ஒன்றரை அங்குலம் குறை. துணியில் அது போனால் போகிறது. முளை அடிக்கிற இடத்தில் போகாது. 20 அடிச் சதுரத்துக்கு மூலைவிட்டம் 27 அடி 6 அங்குலம் என்று இந்த விதி சொல்லும். அதை நம்பி மூலையை மடக்கினால் கோணம் 90-க்குப் பதில் 87 பாகைக்குச் சற்றுக் குறைவாக அமையும். மூன்று பாகைதானே என்று விட்டால், 20 சங்கிலி நீளம் ஓடும் ஒரு நிரை, அதாவது 1,320 அடி போனபின், இருக்க வேண்டிய இடத்திலிருந்து 72 அடி விலகியிருக்கும். மூன்றரை நிரைக்கு மேல் பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்துவிடும். மெர்லிமாவிலோ செலாண்டாரிலோ ஒரு கங்காணி இந்த விதியை வைத்துச் சதுரக் கட்டம் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் மாட்டியிருப்பார்.

இதை எழுதுவது நம் முன்னோரைக் குறைக்க அல்ல. அவர்களிடம் இதைவிட நல்ல சரக்கு இருந்தது என்பதே என் வாதம். போதாயனரின் வடமொழிச் சுல்ப சூத்திரம், வேள்விக்குச் செங்கல் அடுக்கும் மேடைகளை அளந்து கட்டச் சொல்லும் பழைய நூல், நம் முக்கோணத்துக்கே தனியாக ஒரு விதி வைத்திருக்கிறது. பக்கத்தோடு அதில் மூன்றில் ஒன்றைச் சேர். அந்த மூன்றில் ஒன்றில் நான்கில் ஒன்றைச் சேர். கடைசியாகச் சேர்த்ததில் முப்பத்து நான்கில் ஒன்றைக் கழி. கூட்டிப் பார்த்தால் 577-ஐ 408-ஆல் வகுத்த எண், 1.4142157. ஐந்து தசம இடம் வரை சரி. 20 அடிச் சதுரத்துக்கு இதன் பிழை, கண்ணுக்குத் தெரிகிற அளவே இல்லை. அதற்கும் முந்தியது யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள பாபிலோனியக் களிமண் வில்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்த வில்லையில் ஒரு சதுரம், அதன் மூலைவிட்டங்கள், பக்கம் 30 என்ற குறிப்பு, மூலைவிட்டம் எவ்வளவு என்பதற்கு அறுபதின் கூறுகளில் எழுதிய விடை. நம் கணக்கில் 42.426. ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறு ஆண்டுக்கு முன், யாரோ ஒரு மாணவர் கணக்கை முடித்திருக்கிறார்.

சுல்ப சூத்திரத்தின் எண் தனியாக வானத்திலிருந்து விழவில்லை. ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. சமபக்கம் 2 என்றால் கர்ணம் ஏறத்தாழ 3. பக்கம் 5 என்றால் 7. பக்கம் 12 என்றால் 17. பக்கம் 29 என்றால் 41. பக்கம் 70 என்றால் 99. பக்கம் 169 என்றால் 239. பக்கம் 408 என்றால் 577. ஒன்றிலிருந்து அடுத்ததைப் பெறுவது சிறு பிள்ளைக்கும் கைகூடும். பக்கத்தையும் கர்ணத்தையும் கூட்டினால் அடுத்த பக்கம். பக்கத்தை இரட்டித்துக் கர்ணத்தோடு கூட்டினால் அடுத்த கர்ணம். 5-ம் 7-ம் 12. 10-ம் 7-ம் 17. வர்க்கம் எடுத்துச் சோதித்தால் ஓர் அழகு தெரியும்: 7-இன் வர்க்கம் 49, 5-இன் வர்க்கத்தின் இரட்டிப்பு 50, ஒன்று குறைவு. 17-இன் வர்க்கம் 289, 12-இன் வர்க்கத்தின் இரட்டிப்பு 288, ஒன்று அதிகம். இப்படி ஒரு முறை ஒன்று கூடும், மறுமுறை ஒன்று குறையும். என்றைக்கும் சமமாகாது. எந்தப் பின்னமும் சமமாகாது என்பதற்குக் காரணம் ஒற்றை இரட்டையில் இருக்கிறது. சுருக்கி முடித்த ஒரு பின்னம் சமமாகுமானால், மேல் எண்ணின் வர்க்கம் கீழ் எண்ணின் வர்க்கத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே மேல் எண் இரட்டைப்படை. அப்படியானால் அதன் வர்க்கம் நான்கால் வகுபடும், கீழ் எண்ணும் இரட்டைப்படையாகிவிடும். இரண்டும் இரட்டை என்றால் இன்னும் சுருக்கலாம். சுருக்கி முடித்தது என்றுதானே தொடங்கினோம்?

வேலைக்குப் பயன்படும் எண் 12-க்கு 17. ஓர் அடிக்கு ஓர் அடி ஐந்து அங்குலம். 45 பாகைக் கூரைக்குக் கைமரம் வெட்டுகிற தச்சர்களின் இரும்பு மூலைமட்டத்தில் ஓர் அடி ஓட்டத்துக்கு 16.97 அங்குலம் என்று இருப்பது இதுதான். தலைத்துணிக்கு 36-இல் மூன்று பன்னிரண்டு, ஆகவே மூன்று பதினேழு, 51. இன்னும் நுட்பம் வேண்டுமென்றால் 70-க்கு 99. நில அளவைச் சங்கிலியில் நூறு கண்ணிகள், மொத்தம் 66 அடி. ஒரு முனையிலிருந்து 70 கண்ணி, குறுக்கே 70 கண்ணி, இரண்டு முளைக்கும் இடையே 99 கண்ணி. இப்படி மூலை மடக்கினால் அதே 1,320 அடி நிரையின் கடைசியில் பிழை இரண்டு அங்குலம்கூட வராது. 3-4-5 கயிறு முற்றிலும் சரி என்பது உண்மைதான்; ஆனால் சதுரக் கட்டத்தில் முளைகள் ஏற்கெனவே சம தூரத்தில் நிற்கும்போது, அடித்த முளைகளை வைத்தே சோதிக்க உதவுவது இந்த எண்தான்.

70-க்கு 99 நம் கையில் தினமும் புரளுகிறது. ஏ4 தாளை எடுங்கள். அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297. மூன்றால் வகுத்தால் 70-ம் 99-ம். குட்டை விளிம்பை நீள விளிம்பின் மேல் படியும்படி மூலையை மடியுங்கள். விழுகிற சாய்ந்த மடிப்பு ஓர் இருசமபக்கச் செங்கோண முக்கோணத்தின் கர்ணம். இன்னொரு ஏ4 தாளின் நீள விளிம்பை அந்த மடிப்போடு சேர்த்து வைத்துப் பாருங்கள். முனைக்கு முனை பொருந்தும். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் இதை மடித்துப் பொருத்திப் பார்த்துவிட்டால், 2-இன் வர்க்கமூலம் என்பது கரும்பலகையில் எழுதிய குறியாக இராது, தொட்ட பொருளாகிவிடும்.

கர்ணம் தெரிந்து பக்கம் தெரியாத கேள்விக்கும் மடிப்பே வழி சொல்லும். அந்த முக்கோணத்தைக் கர்ணம் பாதியாகும்படி மீண்டும் மடித்தால் கிடைப்பது அதே வடிவச் சிறு முக்கோணம். பழைய கர்ணத்தின் பாதி புதிய சமபக்கம். பழைய சமபக்கம் புதிய கர்ணம். ஆகவே கர்ணம் 10 என்றால் பாதி 5. 5-க்குக் கர்ணம் 7. தேடிய பக்கம் ஏறத்தாழ 7. கணிப்பொறி 7.07 என்கிறது. வாசலில் கோலம் போடுகிற பெண்கள் புள்ளிச் சதுரத்தின் பக்க நடுக்களை இணைத்துத் திருப்பிய சதுரம் போடுவதும் இதே வேலைதான். உள்ளே வரும் சதுரம் பரப்பில் சரிபாதி. வகுத்தால் வரும் விடையை அவர்கள் மாவால் வரைகிறார்கள்.

இந்த முக்கோணம் மலேசியப் பாடத்திட்டத்தில் வருவது இடைநிலைப்பள்ளியில். முதலாம் படிவக் கணித நூலின் பதின்மூன்றாம் பாடம் பித்தாகரசு தேற்றம். 45 பாகையின் விகிதங்கள் மூன்றாம் படிவத்தில். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் கணக்குப் படித்த பிள்ளை, தெரியாத பக்கத்தைத் தேடும் இந்தக் கேள்வியைச் சந்திக்கும்போது மொழி மலாய் ஆகிவிட்டிருக்கிறது. 2003-இல் தொடக்கப்பள்ளியிலேயே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்குப் போய், 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்து, படிப்படியாகத் திரும்பிவந்த கதையையும் சேர்த்தால், ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் வெவ்வேறு மொழியில் கணக்குப் படித்த வீடுகள் உண்டு.

மொழி மாறுவதே தடை என்று நான் சொல்லமாட்டேன். மலாய்ச் சொற்களை உற்றுப் பார்த்தால் அவை நம் சொற்களுக்கு உறவு. இருசமபக்க முக்கோணத்துக்கு மலாயில் 'செகி தீகா சாம காகி'. காகி என்றால் கால்; சமமான கால்கள் உள்ள முக்கோணம். அடி என்ற நீள அளவுக்கும் மலாயில் காகிதான், தமிழில் அடி பாதமும் அளவும் ஆவதுபோலவே. வடிவியல் பெட்டியிலுள்ள மூலைமட்டம் 'செசிகு'. சிகு என்றால் முழங்கை. முழம் போட்டு அளந்த நமக்கு இதைவிட நெருங்கிய சொல் வேறென்ன? அந்தப் பெட்டியில் இரண்டு மூலைமட்டங்கள் உண்டு. ஒன்று 30, 60 பாகை; மற்றது 45, 45. இரண்டாவது நம் முக்கோணமேதான். அதை அளவுகோலால் அளந்து, இரண்டு குட்டைப் பக்கமும் கர்ணமும் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி, 5-க்கு 7, 12-க்கு 17 என்ற விகிதத்தோடு ஒத்துப்பார் என்று பிள்ளையிடம் சொல்கிற பழக்கம் வகுப்பில் வர வேண்டும். இப்போது பிள்ளைகள் பழகுவது படத்தில் எக்ஸ் என்று எழுதிய பக்கத்தைக் கண்டுபிடிக்க. நான் கேட்பது, படம் இல்லாத இடத்தில் முக்கோணத்தைக் கண்டுபிடிக்கவும் பழக்க வேண்டும் என்பதே.

வெளியே நிலமும் மாறிவிட்டது. 1950, 60-களில் பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு பால்மரம் இருந்த பல இடங்களில் செம்பனை வந்தது. லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து வீடமைப்புகளுக்குப் போயின. செம்பனையைச் சதுரத்தில் நடுவதில்லை. மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தில், பக்கத்துக்கு ஏறத்தாழ 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். நிரைக்கு நிரை இடைவெளி 7.8 மீட்டர். ஹெக்டருக்கு 142 மரம். சதுரமாக நட்டால் 123-தான் கொள்ளும். ஓலைகள் வட்டமாக விரிகிற மரத்துக்கு அதுவே பொருத்தம். ஜாசின் பக்கம் சாலையில் போகும்போது சன்னலுக்கு வெளியே விரைந்து ஓடும் வரிசைகள் இப்போது 60 பாகையில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. தாத்தா பார்த்த 45 பாகை வரிசை அங்கே இல்லை.

வானத்தில் அது மாறவில்லை. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டே சொச்சம் பாகையில் இருக்கிறது. லண்டனில் குளிர்காலம் முழுக்கச் சூரியன் 45 பாகை உயரத்தை எட்டுவதே இல்லை. மலாக்காவில் ஆண்டின் ஒவ்வொரு நாளும் இருமுறை எட்டுகிறது. முற்பகலில் அது நிகழ்வது பத்து மணிக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில். பிற்பகலில் ஏறத்தாழ நாலு மணியை ஒட்டி. 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியது. அதற்கு முன் இது இன்னும் அரை மணி முன்னதாக, வெட்டி முடித்து மங்குகளிலிருந்து பால் எடுக்கும் வேளையில் வந்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் நிமிர்ந்து நிற்கும் எதன் நிழலும் அதன் உயரமே. மலாக்கா நகரத்துத் தாமிங் சாரி கோபுரத்தின் உயரம் 110 மீட்டர். அதன் நிழலும் 110 மீட்டர். உச்சிக்கும் நிழல் நுனிக்கும் இடையே ஏறத்தாழ 155.5 மீட்டர்.

கோபுரம் வரை போக வேண்டியதில்லை. காலைப் பள்ளிகள் பலவற்றில் இடைவேளை மணி அடிப்பதும் பத்து மணியை ஒட்டித்தான். வெயில் இருக்கிற நாளில் இரண்டு பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப் போகலாம். ஒருத்தி நிமிர்ந்து நிற்க, இன்னொருத்தி நூலால் அவள் உயரத்தையும் நிழலையும் மாற்றி மாற்றி அளக்க வேண்டும். உயரமும் நிழலும் சமமான உடனே இருவரும் கொடிக்கம்பத்துக்கு ஓடி, நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்க வேண்டும். கம்பத்தின் அடியிலிருந்து கல் வரை அடிமேல் அடி வைத்து எண்ணினால் கம்பத்தின் உயரம் கைக்கு வந்துவிடும். எண்ணிக்கை இருபத்து நான்கு என்றால், உச்சியிலிருந்து கல்லுக்குக் கயிறு கட்ட முப்பத்து நான்கு அடி வேண்டும்.